ஆளுக்கொரு விறகு

நவம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, உன் மருமகள் மூன்று பேரும் நலம். "என் நலத்தை விசாரிக்க உனக்கு ஆறு வருஷம் ஆச்சா?" என்று நீ முகத்தைத் திருப்புவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! மணி அடித்து அடித்து அதுதான் ஓய்ந்தது. என் மகளிடம் மட்டும் பேசுகிறாய், அதுவும் பரீட்சை மார்க்கைப் பற்றி. அதனால்தான் கடிதம். இதை நீ பிரிக்காமல் இருக்க மாட்டாய். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தையே பிரித்துப் படித்தவன் நீ.

சமாச்சாரத்துக்கு வருகிறேன். நம் நெருப்புக் கூட்டத்துக்கு இந்த வருஷம் இடமில்லை. பட்டறைக்குப் பின்னால் காலி மனை இருந்ததே, அங்கே பெயின்ட் கிடங்கு வந்துவிட்டது. சுவரோரம் முழுக்கத் தின்னர் டின். "இனிமே அங்க ஒரு தீக்குச்சி உரசினா நாம எல்லாரும் ராக்கெட்டு" என்கிறார் இவர். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே இந்த வாக்கியத்தை வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார், ஆனால் முகம் தொங்கிப் போயிருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம், ஆளுக்கு ஒரு விறகு. கடையில் வாங்கினது கூடாது, அவரவர் வீட்டிலிருந்தே எடுத்து வர வேண்டும். அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்று கதையைச் சொல்லிவிட்டு நெருப்பில் போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். வீட்டுக்கு வீடு டிவி இருக்கிறது, கைக்குக் கை போன் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு சாயங்காலம் எல்லாரும் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி நெருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கண்டக்டர் ரிடையராகியும் வருகிறார். தையல்காரம்மா முழங்கால் வலியோடு வருகிறாள். இந்த வருஷம் நின்றுபோனால் அடுத்த வருஷம் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். அப்படியே விட்டுப்போய்விடும்.

உன் வீட்டுக்குப் பின்னால் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. நீ ஒண்டி ஆள். கேட்டுவிட்டேன். கோபம் வந்தால் திட்டி எழுது, ஆனால் எழுது.

உன் அன்புத் தங்கை


நவம்பர் 9

தங்கைக்கு,

"அன்புள்ள" போடவில்லை. கவனித்திருப்பாய்.

முதலில் ஒரு திருத்தம். பக்கத்து வீட்டுக் கடிதத்தை நான் பிரித்துப் படிக்கவில்லை. அது நம் பெட்டியில் தவறாகப் போடப்பட்டிருந்தது. நாற்பது வருஷமாக இந்தப் பழியைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, என் வீட்டுப் பின்புறம் சும்மா கிடக்கவில்லை. அது என்னுடையதாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு வக்கீல் ஏற்கெனவே அதன் மீது ஒரு கண் வைத்திருக்கிறார். அவர் மரத்து இலை என் முற்றத்தில், அவர் கார் என் வாசலில். "இங்கே வண்டி நிறுத்தாதீர்" என்று என் கையாலேயே அழகாக எழுதி, பலகையில் அடித்து, கேட்டில் மாட்டியிருந்தேன். போன வருஷம் அது காணாமல் போனது. கால் முளைத்துப் போயிருக்கும் என்று அவர் சொன்னார். இப்படிப்பட்ட மனிதர் குடியிருக்கும் திசைக்கு நான் புகை வேறு அனுப்பினால் திங்கட்கிழமை காலை நோட்டீஸ் வந்துவிடும்.

மூன்றாவதுதான் விஷயம். நான் ஏன் வருவதில்லை என்று உனக்கு நிஜமாகவே தெரியாதா? உன் மகள் ஒரு நாள் போனில் கேட்டாள்: "மாமா, அன்னைக்கு டீயில சக்கரை இல்லைன்னுதான் கோவிச்சுக்கிட்டுப் போனீங்களா?" உங்கள் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்கிறீர்களா? டீயா?

சரி, எழுதிவிடுகிறேன். உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே இருக்கும் ஆற்றுக்குப் பாலம் கட்ட எங்கள் அலுவலகத்தில் வரைபடம் கேட்டார்கள். நான் கொடுத்தேன். என்னிடம் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொண்டவனும் ஒன்று கொடுத்தான். அவனுடையது தேர்வானது. பிறகு தலைமைப் பொறியாளர் பதவியும் அவனுக்கே போனது. என் பாலத்தை நான் வீட்டில் மரச் சில்லுகளால் செய்திருந்தேன். மூன்று மாதம். ஒவ்வொரு இணைப்பையும் பசை வைத்து, நூல் கட்டி, காயவைத்து. அதை அட்டைப்பெட்டியில் வைத்து, மடியில் ஏந்தி, இரண்டு பஸ் மாறி உங்கள் நெருப்புக்குக் கொண்டுவந்தேன். ஏன்? நீங்களாவது பார்த்து நியாயம் சொல்வீர்கள் என்றுதான். ஸ்டூலில் வைத்தேன். பாரம் எப்படி வளைவில் இறங்கிக் கரைக்குப் போகிறது என்று விளக்கினேன். எனக்கு நடந்த அநியாயத்தைச் சொன்னேன். நடுவில் தொண்டை வறண்டது, சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

உன் கணவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மேல ஒரு விறகு கிடையாது மச்சான்" என்றார். இரண்டு கையாலும் தூக்கி, சாமி சிலையை வைப்பது போல நெருப்பில் வைத்தார்.

எல்லாரும் கைதட்டினீர்கள். நீதான் அதிகம் தட்டினாய்.

ஏன் கத்தவில்லை என்று கேட்பாய். வாயில் தண்ணீர் இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. கைதட்டுகிறவர்கள் நடுவில் எப்படிக் கத்துவது? என் வாழ்க்கையில் எனக்காகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை, அதுவும் தப்பான காரணத்துக்கு. தலைவலி என்று சொல்லிப் போய்ப் படுத்தேன். விடிந்ததும் கிளம்பினேன்.

இப்போது உன் ஊருக்கு நேர் பஸ் விட்டிருக்கிறார்கள். அது அவன் கட்டிய பாலத்தின் மேல்தான் போகிறது. அதில் ஏற மாட்டேன். சுற்றுவழிப் பஸ் அரை நாள் எடுக்கும். ஆக, வழியும் இல்லை, மனமும் இல்லை. பின்புறமும் இல்லை.

இப்படிக்கு,
அண்ணன் (வேறு யாரும் உனக்கு அண்ணனாக இல்லாததால்)


நவம்பர் 14

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்று சத்தமாகப் படித்தேன். இவர் லாரிக்கு அடியில் இருந்தார். ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "சாமி சிலையை வைப்பது போல" என்ற இடத்தில் நின்றுவிட்டது. பிறகு முதலில் கால், பிறகு வயிறு, பிறகு முகம் என்று வெளியே வந்தார்.

"அப்போ... மச்சான் அதைக் கொடுக்கலையா?"

"காட்டினாராம்."

"காட்டினாரா!" என்று டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, நெருப்பைச் சுத்தி உக்காந்துக்கிட்டு, கையில மரத்தை வச்சுக்கிட்டு, அதோட கதையைக் கண்ணு கலங்கச் சொன்னா நான் வேற என்னன்னு நினைக்கிறது? நம்ம கூட்டத்துல யாராவது சும்மா காட்டியிருக்காங்களா?"

"கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கறதா? மனுஷன் மூணு மாசம் செஞ்சதைக் கொண்டாந்து கொடுக்கறாரு, அவர்கிட்ட போயி நிஜமாத்தான் கொடுக்கறீங்களான்னு கேட்டா அவமானம் இல்லையா?"

உன் மருமகள் குறுக்கே வந்தாள். "மாமா கோவிச்சுக்கிட்டதும் நியாயம், அப்பா செஞ்சதும் நியாயம். டீயில சக்கரை இல்லாததும் உண்மை."

அண்ணா, நீ சிரிக்க வேண்டாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். இந்த ஆறு வருஷமாகப் பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு லாரி டிரைவரிடமும் இவர் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார். "எங்க மச்சான் பெரிய இன்ஜினியரு. ஒரு சாயங்காலத்துக்காகத் தன்னோட பாலத்தையே நெருப்புல கொடுத்தாரு. மனசுன்னா அது மனசு." நீ அங்கே இவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவர் இங்கே உன்னைக் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய் இரண்டையும் செய்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று. நீ தலைவலி என்று போய்ப் படுத்துவிட்டதால் பார்க்கவில்லை. உன் பாலத்தில் மற்றக் குச்சிகள் எல்லாம் எரிந்து விழுந்துவிட்டன. அந்த வளைவு மட்டும் நின்றது. சிவப்பாக, ஒரு கோடு மாதிரி, காற்றிலே வரைந்து வைத்தது போல. கண்டக்டர் மெதுவாக, "இன்னும் நிக்குதுங்க" என்றார். அது விழும் வரைக்கும் ஒருத்தரும் இடத்தை விட்டு அசையவில்லை. நம் கூட்டத்தில் அவ்வளவு அமைதியாக எல்லாரும் இருந்தது அன்றைக்குத்தான்.

இவர் உனக்குப் போன் பண்ண எடுத்தார், வைத்துவிட்டார். "எடுக்க மாட்டாரு. எடுத்தாலும் நான் என்னத்தைச் சொல்றது?" என்றார். இரண்டு நாளாக வேலை முடிந்ததும் பட்டறைப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளே வாள் ஓடுகிற சத்தம். கேட்டால், "சைலன்சர் வேலை" என்கிறார். சைலன்சரை யாராவது மர வாளால் அறுப்பார்களா?

பின்புறம் இல்லை என்றாய். இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துச் சொல்.

உன் தங்கை


நவம்பர் 19

தங்கைக்கு,

அந்த வளைவு எவ்வளவு நேரம் நின்றது? முதலில் எங்கே முறிந்தது, நடுவிலா, கால் ஊன்றிய இடத்திலா? கண்டக்டரிடம் கேட்டு எழுது. இது தொழில் சம்பந்தமான கேள்வி மட்டுமே.

மற்றபடி என் முடிவில் மாற்றம் இல்லை. ஆறு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த கோபத்தை ஒரே தபாலில் திருப்பி அனுப்பச் சொல்கிறாய். அதற்கும் ஒரு கால அவகாசம் வேண்டாமா? உன் கணவர் என்னைப் பற்றி லாரி டிரைவர்களிடம் நல்லவிதமாகப் பேசியது எனக்குப் பெரிய சங்கடம். இதுவரை திட்டிய திட்டையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பேச்சுக்குத்தான். என் பின்புறத்தில் யாராவது நெருப்பு மூட்டினால், அது கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டும். சாயங்காலத்தில் காற்று வக்கீல் வீட்டுப் பக்கமிருந்து வருகிறது, ஆகவே புகை அவருக்குப் போகாது, எனக்குத்தான் வரும். என் ராசி அது. குழி முழங்கால் ஆழம் இருந்தால் போதும். சுற்றிலும் செங்கல், ஆனால் ஒட்டி ஒட்டி அடுக்கக் கூடாது, காற்று புக இடைவெளி வேண்டும். இரண்டு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில். வருகிறவர்கள் டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும், என்னிடம் இருப்பது ஒன்று. பாட்டுக் கூடாது. போன தடவை மருந்துக்கடைக்காரர் பாடியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மிக முக்கியமாக, என் வீட்டில் இருக்கும் மரத்தாலான எந்தப் பொருளையும் என் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் யாரும் நெருப்பின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நாற்காலி, ஜன்னல், கதவு உட்பட.

இதெல்லாம் சம்மதம் அல்ல. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

குழி ஒன்று தோண்டியிருக்கிறேன். அது தோட்டக் குப்பைக்கு.

அண்ணன்


நவம்பர் 28

அன்புள்ள அண்ணா,

சம்மதித்ததற்கு நன்றி!

எல்லா நிபந்தனையும் ஒப்புக்கொள்ளப்பட்டது. டம்ளர் கொண்டுவருவார்கள். மருந்துக்கடைக்காரர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், அதனால் பாட்டுப் பயம் இல்லை. எழுத்துமூலமான அனுமதி விஷயத்தை இவரிடம் மூன்று தரம் படித்துக் காட்டினேன். மூன்று தரமும் தலையாட்டினார்.

வளைவு விழுந்ததைப் பற்றிக் கண்டக்டரிடம் கேட்டேன். "நடுவுலயும் இல்லை, ஓரத்துலயும் இல்லைம்மா. கீழே இருந்த கட்டை நகர்ந்துச்சு, அப்படியே மொத்தமா உக்காந்துச்சு. அது ஒடையவே இல்லை" என்றார். உனக்கு இது என்னவென்று புரியும். எனக்குக் கேட்கவே நன்றாக இருந்தது.

ஒரு கெட்ட செய்தி. பட்டறைப் படியில் கால் இடறி எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் வர முடியாது. இவரும் மகளும், கண்டக்டரும் தையல்காரம்மாவும் பட்டறை வேனில் வருவார்கள். நீ பார்த்துக்கொள்.

உன் தங்கை


டிசம்பர் 2

தங்கைக்கு,

நீ வராமலா? உன் கணவரும் நானும் நடுவில் நீ இல்லாமல் ஒரு நெருப்பின் முன்னால் உட்காருவதா? பேச்சு எங்கிருந்து வரும்? கூட்டம் ரத்து. கால் சரியாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெந்நீர் ஒத்தடம் கொடு. படியில் கைப்பிடி வைக்கச் சொல்லி எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், யார் கேட்டீர்கள்?

அண்ணன்


டிசம்பர் 5

அண்ணா,

ரத்து செய்தால் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே சுற்றுவழிப் பஸ்ஸில் ஏறி வந்து உன் வாசலில் உட்காருவேன். வக்கீல் பார்ப்பார். ஊர் பார்க்கும். உன் இஷ்டம்.

தங்கை


டிசம்பர் 16

அன்புள்ள தங்கைக்கு,

போட்டுவிட்டேன். பெரிதுபடுத்தாதே.

நீ இல்லாததால் நடந்ததை எழுத வேண்டிய கடமை எனக்கு. முதலில் புகார்கள். என் முற்றத்தில் சாம்பல். என் சட்டையில் சாம்பல். என் ஒரே டம்ளரைத் தையல்காரம்மா எடுத்துப் போய்விட்டாள், தன்னுடையதை இங்கே வைத்துவிட்டாள். அது அளவில் பெரியதாக இருப்பதால் திருப்பிக் கேட்கவில்லை.

வேன் வந்து நின்றது. எல்லாரும் இறங்கி உள்ளே வந்துவிட்டார்கள். உன் கணவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன். என்ன பேசுவது என்று அன்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன், கண்ணியமாக, சுருக்கமாக, கொஞ்சம் உறைக்கும்படி. அவரும் பார்த்திருப்பார் போலிருந்தது. தொண்டையைக் கனைத்தார்.

"மச்சான்... வண்டியை எங்க நிறுத்தறது?"

"சுவரோரமா விடுங்க. முன்சக்கரத்தை நேரா வைங்க."

ஆறு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். அவர் முன்சக்கரத்தை மிக நேராக வைத்தார்.

விறகை நான் முறைப்படி அடுக்கியிருந்தேன். பற்றவில்லை. தீப்பெட்டியில் பாதி காலியானது. கண்டக்டர், "சார், வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா இறங்கித் தள்ளணும்" என்று குப்புறப் படுத்து ஊதினார். தையல்காரம்மா பையிலிருந்து ஒரு பிடி துணி வெட்டுத்துண்டை எடுத்து உள்ளே திணித்தாள். குப்பென்று பிடித்தது. என் அடுக்கு நன்றாகத்தான் இருந்தது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பொய் சொல்கிறவர்கள்தான் அப்படி ஒரே குரலில் சொல்வார்கள்.

புகை நேராக என்னிடம் வந்தது. நாற்காலியை அந்தப் பக்கம் போட்டேன், அங்கேயும் வந்தது. உன் மகள், "புகைக்கும் மாமா மேல ஏதோ மனத்தாங்கல்" என்றாள். அவளுக்கு வாய் உன்னைப் போலவே.

ஒன்று கவனித்தேன், எழுதிவைக்கிறேன். அலுவலகத்தில் நீளமான மேஜை. அதற்குத் தலைப்பக்கம் ஒன்று உண்டு, அங்கே ஒருவன் உட்காருவான், மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதிப் பேச்சு அந்த முகத்துக்கு ஏற்ப மாறிவிடுகிறது. நெருப்புக்குத் தலைப்பக்கம் கிடையாது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். அதனால் வாய் தானாகத் திறக்கிறது. முன்பக்கம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது. எழுந்து போகலாம் என்று முதுகு சொல்கிறது, முகம் கேட்க மாட்டேன் என்கிறது. மனிதன் எத்தனையோ கண்டுபிடித்துவிட்டான். உட்கார இதைவிட நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை.

கண்டக்டர் குடைக் கைப்பிடி கொண்டுவந்திருந்தார். சர்வீஸில் சேர்ந்த புதிதில் யாரோ பஸ்ஸில் விட்டுப்போன குடையாம். "என்னைக்காவது கேட்டு வருவாங்கன்னு வச்சிருந்தேன். துணி போச்சு, கம்பி போச்சு, இதுதான் மிச்சம். இனிமே வந்தா மழை நின்னுடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்று போட்டார். தையல்காரம்மா கொண்டுவந்தது அவளுடைய பழைய மர அளவுகோல். "இதுல அளவு குறைச்சல்னு போன மாசம்தான் தெரிஞ்சுது. இத்தனை வருஷமா சட்டை பிடிக்குதுன்னு வந்தவங்க அத்தனை பேரையும் நீங்க குண்டாயிட்டீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். பாதிப் பேரு சாப்பாட்டைக் குறைச்சிட்டாங்க." கண்டக்டர் தன் சட்டையை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "அம்மா, நான் மூணு வருஷமா ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேனே!"

அப்போது சுவருக்கு மேல் வக்கீலின் தலை தெரிந்தது.

"என்ன சார், புகை?"

நான் தயாரானேன். பதில்கள் வரிசையாக இருந்தன. ஆனால் உன் கணவர் முந்திக்கொண்டார். "வாங்க சார், உக்காருங்க!" என் வீட்டில், என் எதிரியை!

கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார். "சார், விறகு இல்லாம உக்காரக் கூடாது. டிக்கெட் மாதிரி."

தலை மறைந்தது. தொலைந்தார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் கேட் வழியாக வந்தார், கையில் ஒரு பலகை. நெருப்பு வெளிச்சத்தில் எழுத்து தெரிந்தது. "இங்கே வண்டி நிறுத்தாதீர்." என் கையெழுத்து. அந்த "ஞ்" போல வளையும் என் "ங்"கை எங்கே பார்த்தாலும் தெரியும்.

"ரொம்ப நாளா வீட்டுல கிடக்குது" என்றார் வக்கீல், நெருப்பைப் பார்த்தபடி.

"கதை சொல்லணும் சார்" என்றாள் உன் மகள்.

"கதைன்னா... இதுக்குக் கால் முளைச்சுது. நடந்து வந்துச்சு. நான் அடைக்கலம் கொடுத்தேன்."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கடுமையாகத்தான் இருக்க முயன்றேன். ஆனால் அடைக்கலம் என்ற வார்த்தை எங்கேயோ இடித்துவிட்டது. "போடுங்க" என்றேன். போட்டார். நன்றாகக் காய்ந்த பலகை, உடனே பிடித்தது.

பிறகு உன் கணவர் வேனுக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியை ஏந்திக்கொண்டு வந்தார். மடியில் வைத்துத் திறந்தார். "இது நெருப்புக்கு இல்லை" என்று முதலிலேயே சத்தமாகச் சொன்னார். "இது மச்சானுக்கு."

உள்ளே ஒரு பாலம். என் பாலமாம். ஞாபகத்திலிருந்து செய்திருக்கிறார், ஸ்பேர் பார்ட்ஸ் வந்த பெட்டிகளின் பலகையில். ஒரு பக்கம் வளைவு, மறு பக்கம் கூன். ஒவ்வொரு இணைப்பிலும் பசை மூக்கொழுகியிருந்தது. நீ எழுதிய சைலன்சர் வேலை இதுதான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, இந்தச் சாய்வுக் கட்டை தலைகீழா இருக்கு."

"அப்படியா?"

"பாரம் இதுலேருந்து இதுக்கு இறங்கணும். நீங்க வச்சிருக்கறபடி அது அந்தரத்துல நிக்கும்."

"நிக்கட்டுமே மச்சான், அதுக்கென்ன?"

"ஒரு டீ கெட்டிலைத் தாங்காது."

"தாங்கும்."

"தாங்காது."

"வச்சுப் பாத்துடலாமா?"

இரண்டு செங்கல்லை நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதன் மேல் பாலத்தை வைத்து, நிறைய டீயோடு கெட்டிலைத் தூக்கி நடுவில் வைத்தார். நின்றது. அவர் மீசையை நீவினார். "இன்னும் நிக்குதுங்க" என்று கண்டக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. படாரென்று ஒரு சத்தம். கெட்டில் உருண்டு நெருப்பில் கவிழ்ந்தது. புஸ்ஸென்று ஒரு சாம்பல் மேகம் எழும்பி எங்கள் எல்லார் மேலும் இறங்கியது.

அடங்கியதும் பார்த்தால், வக்கீல், கண்டக்டர், தையல்காரம்மா, எல்லாரும் ஒரே நிறம். உன் கணவர் சாம்பல் பூசிய முகத்தில் இரண்டு கண்ணை மட்டும் திறந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான்."

என் சர்வீஸ் முழுக்க ஒருத்தரும் என்னிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. மேலதிகாரி சொன்னதில்லை, கமிட்டி சொன்னதில்லை, என்னிடம் படித்தவன் சொன்னதில்லை. சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தேன். உன் மகள் பயந்து முதுகைத் தட்டினாள். உடைந்த பாலத்தை நானே பொறுக்கி, நானே நெருப்பில் போட்டு, ஊதி எழுப்பினேன்.

"வீட்டுக்காரர் விறகு எங்கே?" என்று கேட்டார் வக்கீல். சட்டம் பேசுகிற ஆள் அல்லவா.

நான் ஒரு துடைப்பக் கம்பு எடுத்துவைத்திருந்தேன். அதை எடுக்க உள்ளே போனவன், பீரோ முன்னால் நின்றேன். மேலே, செய்தித்தாள் சுற்றி, ஒரு பலகை இருக்கிறது. இருந்தது. இதுவரை உனக்குக்கூடச் சொன்னதில்லை. பதவி எனக்குத்தான் என்ற நிச்சயத்தில், அறிவிப்பு வரும் முன்பே மேஜை மேல் வைக்கப் பலகை செய்யக் கொடுத்துவிட்டேன். நல்ல மரம், எழுத்தைச் செதுக்கி, பாலிஷ் போட்டு. "தலைமைப் பொறியாளர்." பலகை வந்தது. பதவி வரவில்லை. அதன் பிறகு அதைப் பிரித்துப் பார்த்ததும் இல்லை, தூக்கிப் போட்டதும் இல்லை.

கொண்டுபோய் நெருப்பு வெளிச்சத்தில் பிரித்தேன். கதையைச் சொன்னேன். சின்னக் கதைதான். கையில் எடுத்து, உன் கணவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கினார். ஆனால் போடவில்லை. நெருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மச்சான், இது கொடுக்கறதா, காட்டறதா? தெளிவாச் சொல்லிடுங்க."

"கொடுக்கறதுதான்."

"வாயால சொன்னா போதாது. எழுத்துமூலமான அனுமதின்னு கடிதத்துல இருக்கு. மூணு தரம் படிச்சுக் காட்டினா."

கரித்துண்டு ஒன்றை எடுத்து, பலகையின் பின்பக்கம் "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதி, தேதியும் போட்டுக் கையெழுத்திட்டேன். வக்கீல் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு உன் கணவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கி, அன்றைக்கு வைத்தாரே, அதே போல வைத்தார்.

கைதட்டினார்கள். இந்தத் தடவை நானும் தட்டினேன்.

போகும்போது கட்டிப்பிடித்துக்கொண்டதெல்லாம் இல்லை. அவர், "படிக்குக் கைப்பிடி வைக்கணும்னு சொன்னீங்களாமே, எந்த உயரத்துல வைக்கறது?" என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார்.

இனி உன் விஷயம். வேன் கிளம்பும்போது உன் மகள் ஜன்னல் வழியாக, "அம்மா நேத்து ஸ்டூல் மேல ஏறி பல்பு மாத்தினாங்க மாமா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உன் கணவர் திடீரென்று ஹாரன் அடித்தார். பிசகிய கணுக்காலோடு ஸ்டூல் மேல் ஏறிய பெண்மணியை எண்ணிக்கொண்டு நான் கேட்டிலேயே நின்றேன்.

நன்றாகக் கேட்டுக்கொள். என் பழைய கோபம் சனிக்கிழமை சாயங்காலம் எரிந்துபோனதில் எனக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது. அதில் உன்னை நியமித்திருக்கிறேன். குறைந்தது ஆறு வருஷம். அந்தக் கணுக்காலை நேரில் பார்த்து விசாரணை நடத்த ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அதற்குள் ஒழுங்காகக் கட்டுப் போட்டு வை.

சுற்றுவழிப் பஸ்ஸில் இல்லை. நேர் பஸ்ஸில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன். அவன் பாலத்தில் என்னென்ன குறை என்று நன்றாகப் பார்க்க வேண்டும். டீயில் சர்க்கரை போடு.

உன் அன்பு அண்ணன்

பி.கு.: தோட்டக் குப்பைக்கு வேண்டுமே என்று குழியை மூடவில்லை.